அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். நாற்காலியைப் பார்த்தாலே நடுங்குகிறார். மயக்கம் கொடுத்துச் செய்யலாமா?

சின்னப்பாலத்து மகள் எழுதியது:

வணக்கம். பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்தில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 54 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடலில் பாசி எடுக்கிறார். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று படகேறித் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலில் கட்டிய தகடு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார். சுறா வந்த கதையைக்கூடக் குரல் மாறாமல் சொல்பவர். அப்படிப்பட்டவர் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார முடியாமல் தவிக்கிறார்.

கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு மாதமாக வலி. கிராம்பை நசுக்கி வைத்தார், புகையிலைத் துணுக்கை அடக்கிப் பார்த்தார். இப்போது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. இரவில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இடத்தில் பல் பிடுங்கியபோது நடந்ததுதான் இதற்கெல்லாம் காரணம். அன்றும் கன்னம் வீங்கியிருந்தது. இரண்டு முறை ஊசி போட்டும் மரத்துப் போகவில்லை. "வலிக்கிறது" என்று அம்மா சொல்லச் சொல்ல, இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பிடுங்கிவிட்டார்கள். அதன் பிறகு பல்லுக்காக எங்கும் போனதில்லை.

போன மாதம் கெஞ்சிக் கூத்தாடி ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். நாற்காலியைச் சாய்த்து விளக்கைப் போட்டதும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை வாயில் வைத்தவுடன் குமட்டினார். ரத்த அழுத்தம் 170/100 காட்டியது. மருத்துவர் நல்லவர். "இன்று வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ் பாலத்தைத் தாண்டும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: "கடலுக்குள் மூச்சு முட்டினால் நான் மேலே வந்துவிடுவேன். அந்த நாற்காலியில் முட்டினால் எங்கே போவது?"

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவருக்குப் பயமில்லாமல் இந்தப் பல்லை எடுக்க என்ன வழி? 'சிரிப்பு வாயு' என்கிறார்கள், மாத்திரை என்கிறார்கள், நரம்பில் ஊசி என்கிறார்கள். முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்குமா? மருந்துக் கடையில் ஒருவர் தூக்க மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார். அது சரியா? அம்மா தினமும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. மூழ்கி மூழ்கி இடது காது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைவாசி எழுதியது:

தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னது எனக்கு அப்படியே புரிகிறது. எனக்கு நாற்பது வயது. பல் துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்த்துவிடும். என் உம்மா ஒருமுறை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயும் வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் சிரிப்பு வாயு கொடுத்து எனக்கு வேர் சிகிச்சை செய்தார்கள். மூக்கின் மேல் மட்டும் ஒரு சிறிய ரப்பர் மூடி வைப்பார்கள், வாய் திறந்தபடி இருக்கும். முதலில் வெறும் ஆக்ஸிஜன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கூட்டினார்கள். லேசான இனிப்பு வாசனை. சில நிமிடங்களில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது, பாதங்கள் சூடாயின, உடம்பு நாற்காலியில் கனமாக இறங்கியது. தூக்கம் வரவில்லை. மருத்துவர் பேசியது கேட்டது, பதில் சொன்னேன். மரத்துப் போகும் ஊசியையும் போட்டார்கள். குத்தியது தெரிந்தது, ஆனால் பக்கத்தில் இருக்கும் யாருக்கோ போடுவது போல இருந்தது. முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தலை தெளிந்துவிட்டது. எழுந்து என் காலில் நடந்து போனேன்.

எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. போவதற்கு முன்பு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, எனக்குச் சளி பிடித்திருந்ததால் முதல் தேதியை அவர்களே தள்ளிவைத்தார்கள். மூக்கு அடைத்திருந்தால் இந்த வாயுவால் பயனில்லை.

மண்டபம் பல் மருத்துவர் எழுதியது:

அன்புள்ள மகளே, முதலில் ஒன்று கேட்கிறேன். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்குகிறதா? காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், மூச்சில் சிரமம், இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கள் பதில்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று இரவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலில் எழுதுகிறேன்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இனி நிதானமாகப் பேசலாம்.

அம்மாவுக்கு அன்று ஏன் மரத்துப் போகவில்லை என்பதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நாங்கள் போடுவது பெரும்பாலும் லிக்னோகெய்ன். அந்த மருந்து நரம்புக்குள் நுழைந்தால்தான் வேலை செய்யும். சீழ் கட்டி வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்திருக்கும். அங்கே போட்ட மருந்தில் நரம்புக்குள் நுழையக்கூடிய பகுதி மிகவும் குறைந்துவிடும். ஊசி போட்டும் வலித்தது அம்மாவின் கற்பனை அல்ல. அவர் சொன்னது உண்மை, கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. சீழை வெளியேற்றி, வீக்கத்தை அடக்கிவிட்டுச் செய்தாலோ, வீக்கத்திலிருந்து தள்ளி நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில் ஊசி போட்டாலோ நன்றாக மரத்துப் போகும்.

அடுத்து ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். மரத்துப் போகும் ஊசி வலியை நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. மயக்க மருந்து பயத்தைத் தணிக்கும், ஆனால் பல் வலியை அதை மட்டும் நம்பி விட முடியாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மரத்துப் போகும் ஊசியும் சேர்ந்தே வரும்.

சிரிப்பு வாயு என்பது நைட்ரஸ் ஆக்ஸைடு. 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அவ்வளவு பழைய மருந்து. பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை ஆக்ஸிஜனுடன் கலந்து கொடுப்போம். ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி கருவியிலேயே தடுப்பு இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் உங்கள் அம்மாவின் காதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. இந்த வாயு உடம்பில் காற்று அடைபட்டிருக்கும் இடங்களுக்குள் வேகமாகப் புகுந்து அழுத்தத்தைக் கூட்டும். நடுக்காதும் அப்படிப்பட்ட இடம். காது அடைத்திருக்கும் நாளில் கொடுத்தால் காதுவலி, செவிப்பறைக்குக் கேடு என்று போய்விடலாம். கடலில் மூழ்குபவர் என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காற்றுக் குழாயோடு ஆழத்துக்கு இறங்குபவர்கள் இறங்கிய கையோடு இந்த வாயுவை எடுக்கவே கூடாது. அம்மா மூச்சடக்கி மூழ்குபவர் என்பதால் அந்தக் கவலை இல்லை, காதுதான் கவலை.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். டயஸிபாம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையை முந்தின இரவும், சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பும் கொடுப்பதுண்டு. எளிய வழி, பலருக்கு இதுவே போதும். ஆனால் மருந்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்காதீர்கள். அளவை வயது, எடை, மற்ற மாத்திரைகள், குறட்டை, கல்லீரல் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விழுங்கிய பிறகு அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டயஸிபாம் ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் தங்கும். அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். மறுநாள் படகேறவும் விடாதீர்கள்.

குமட்டலுக்கு ஒரு சிறிய வழி: நாக்கு நுனியில் நான்கைந்து உப்புக்கல் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். பலருக்கு அடங்கிவிடுகிறது. நாற்காலியை முழுதாகச் சாய்க்காமல் அரைவாசி நிமிர்த்தி வைத்தே கடைவாய்ப் பல்லை எடுக்கலாம். அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, என் 17 ஆண்டு அனுபவத்தில் எந்த மருந்தையும்விட நான் நம்புவது ஒன்று உண்டு. இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சொன்னால் போதாது, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லி, நிறுத்திக் காட்டுவேன். உங்கள் அம்மா கேட்டாரே, முட்டினால் எங்கே போவது என்று. அவருக்கு அந்த நாற்காலியிலிருந்து மேலே வரும் வழி அதுதான்.

மதுரையில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர் எழுதியது:

எனக்குச் சொந்த ஊர் தேவிபட்டினம். பல் மருத்துவர் அம்மா எழுதியதோடு நரம்பு வழியாக, அதாவது ரத்தக் குழாய் வழியாக, கொடுப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

மிடஸோலம் என்ற மருந்தைக் கை நரம்பில் மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்த்து, வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கொடுப்போம். பேச்சு குழறத் தொடங்கும், இமை தாழும், கூப்பிட்டால் பதில் வரும். அந்த நிலையில் நிறுத்திவிடுவோம். மாத்திரையைவிட இதன் நன்மை இதுதான்: அளவு எங்கள் கையில் இருக்கிறது. நடந்ததில் பெரும்பகுதி அவருக்கு நினைவிலும் இருக்காது. பழைய அனுபவத்தால் அஞ்சுபவர்களுக்கு அது பெரிய உதவி. அளவு மீறினால் அதன் விளைவை முறிக்க ஃப்ளூமஸெனில் என்ற மருந்து உண்டு.

ஆபத்து மூச்சில்தான். ஆழம் கூடினால் மூச்சு குறையும், நாக்கு பின்னால் சரியும். எனவே நீங்கள் கேட்க வேண்டியவை: பல்லைப் பிடுங்குபவர் தவிர, அம்மாவின் மூச்சையும் நாடியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேறொருவர் அறையில் இருப்பாரா? விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி, ரத்த அழுத்தக் கருவி, ஆக்ஸிஜன், அந்த முறிமருந்து எல்லாம் அந்த அறையிலேயே இருக்கின்றனவா? இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லாத இடத்தில் நரம்பு வழி மயக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள். கேட்பதை யாராவது தவறாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த மாத்திரை என்று பார்த்து, அன்று காலை போட வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். இரவில் அம்மா பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனித்துச் சொல்லுங்கள். அப்படியானால் நாங்கள் எல்லாவற்றையும் வேறு விதமாகத் திட்டமிடுவோம்.

முழு மயக்கம் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

தொண்டி அம்மா எழுதியது:

முழு மயக்கம் தேவைப்பட்ட கதை எங்களுடையது. என் மகனுக்கு ஆட்டிசம். ஒன்பது வயதில் பதினொரு பல் சொத்தை. மூக்கு மூடியை வைக்கவே விடவில்லை, மாத்திரையைத் துப்பிவிட்டான். கடைசியில் மருத்துவமனையில் சேர்த்து, அறுவை அரங்கில் மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்தார்கள். முன்னதாக ரத்தப் பரிசோதனையும் நெஞ்சுப் பரிசோதனையும் செய்தார்கள். விழித்ததும் ஒரு மணி நேரம் அழுதான், மாலையில் இட்லி கேட்டான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்காக ஒரு தகவல்: புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொண்டியிலிருந்து போக மதுரையைவிடப் பக்கம். அவர்களிடமும் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். அம்மாவுக்காக து'ஆ செய்கிறேன்.

சின்னப்பாலத்து மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கவில்லை, காய்ச்சல் இல்லை, குறட்டையும் இல்லை. பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சீழ் இருந்ததால்தான் ஊசி வேலை செய்யவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் படிக்கச் சொன்னார். "அப்போதே சொன்னேன், யாரும் நம்பவில்லை" என்றார். அவர் கண் கலங்கியதை ரொம்ப நாளுக்குப் பிறகு பார்த்தேன்.

ஒரு சந்தேகம். மருத்துவரைப் பார்க்கும்போது ரத்த அழுத்தம் மறுபடியும் ஏறியிருந்தால் என்ன செய்வார்கள்?

மண்டபம் பல் மருத்துவர் எழுதியது:

கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்ப்போம். 180/110-க்கு மேல் நின்றால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்து, முதலில் அழுத்தத்துக்குப் பொது மருத்துவரிடம் அனுப்புவோம். பயத்தால் ஏறுவது பெரும்பாலும் பேசப் பேச இறங்கும். வீட்டில் எடுத்த அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சின்னப்பாலத்து மகள் எழுதியது, மூன்று வாரம் கழித்து:

பல்லை எடுத்துவிட்டோம். எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் போன அதே மருத்துவரிடம்தான் போனோம். உங்கள் பதில்களில் இருந்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை, முழுதாகப் படித்தார். எக்ஸ்ரே எடுத்தபோது வேர் நுனியில் சீழ் தெரிந்தது. அன்று அதை வெளியேற்றிவிட்டு, ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தார். கருவி எதையும் எடுக்காமல், நாற்காலியில் வெறுமனே உட்காரவைத்து, கை தூக்கினால் நிறுத்துவேன் என்று சொல்லிப் பழக்கினார். காது அன்றும் அடைத்திருந்ததால் வாயு வேண்டாம் என்று முடிவானது. மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். முந்தின இரவு ஒன்று, காலையில் அங்கேயே அவர் முன்னால் ஒன்று.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் அம்மாவின் விரல்கள் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அதுவரை என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்திருந்தது. அழுத்தம் 140/90. நாக்கில் உப்புக்கல். அரைவாசி நிமிர்ந்த நாற்காலி. ஊசி போட்டு, உதடு மரத்துவிட்டதா என்று மூன்று முறை தட்டிப் பார்த்தார்கள். அம்மா தலையாட்டிய பிறகுதான் தொட்டார்கள்.

அம்மா மூன்று முறை கையைத் தூக்கினார். மூன்று முறையும் மருத்துவர் கருவியை வெளியே எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் முறை அழுத்தம் தெரிகிறது என்றார் அம்மா. வலி இல்லை, அழுத்தம்தான் என்று இருவரும் பேசி முடித்த பின் தொடர்ந்தார்கள். இரண்டாவது முறை எச்சில் துப்ப. மூன்றாவது முறை எதற்கு என்று கேட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையை இறக்கிவிட்டு வாயைத் திறந்துகொண்டார். நிறுத்துகிறாரா என்று பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

வேர் இரண்டும் தூண்டில் முள்ளைப் போல வளைந்திருந்தன. வீட்டுக்கு வந்து நான்கு மணிவரை தூங்கினார். எழுந்ததும் வலது கையால் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். புண் ஆறும்வரை மூழ்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் பௌர்ணமிக் கடலை விட்டுவிட்டார். புகையிலையையும் தொடவில்லை. அமாவாசைக்கு மற்ற பெண்களோடு போவார்.

வலப்பக்கம் ஒரு பல்லை அடைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். அதற்கும் மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அந்த டாக்டர்தானே? கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்" என்றார்.